கொடுக்கு இல்லாத ஆம்ப்ளிஃபையர்

தனக்குப் புரியாத ஒன்றைக் கடைக்காரர் விளக்கும்போது தலையாட்டாத ஆண்பிள்ளையை நான் இன்னும் சந்தித்ததில்லை. பெண்கள் கேட்டுவிடுவார்கள். "அது இன்னா? எதுக்கு?" என்று நேராகக் கேட்டு, புரிந்தால் வாங்குவார்கள், புரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அப்படியில்லை. புருவத்தைச் சற்று உயர்த்தி, உதட்டைப் பிதுக்கி, வீட்டில் அதே மாதிரி இன்னொன்று வைத்திருப்பவனைப் போல ஒரு தலையாட்டல். நான் அந்தக் கலையில் நன்றாகத் தேறியவன். (டிப்ளமோவில்கூட அந்த அளவுக்குத் தேறவில்லை.) அப்படி நான் ஆட்டிய ஒரு தலையாட்டலால்தான் பழவேற்காடு ஏரியில் ஒரு நாள் காலை மீன்கள் கும்பலாக வானத்துக்கு ஏறின.

நடந்தது இதுதான்.

மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறது என்று எழுதி வைக்கும் வேலை. எங்கள் சூப்பர்வைசர் மாற்றலாகிப் போகும்போது, புது வீட்டில் இடமில்லை என்று தன்னுடைய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை என்னிடம் தள்ளிவிட்டார். ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். தேக்கு நிறம். அவற்றை ஒரு மினி லாரிக்காரரைக் கெஞ்சி, ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மீனவக் குப்பத்துக்குக் கொண்டுவந்து இறக்கியபோது அம்மா கையில் இருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னாடா இது, பீரோவா?"

"ஸ்பீக்கர்மா."

"பாடுமா?"

"ஆம்ப்ளிஃபையர் இருந்தாப் பாடும்."

"அது எங்க?"

"வாங்கணும்."

"அப்ப இன்னைக்கு இது பீரோதான்" என்று சொல்லிவிட்டு, மடித்த துணிகளைக் கொண்டுவந்து ஒன்றின்மேல் அடுக்கினாள். இன்னொன்றின்மேல் கோழி ஏறி உட்கார்ந்துகொண்டது.

கோழியின் ஆசனமாகவே அது இருந்திருக்கலாம். ஊருக்கு நல்லதாகப் போயிருக்கும். ஆனால் எனக்கு அந்த ஸ்பீக்கரைப் பார்க்கும்போதெல்லாம் நைனாவின் ஞாபகம் வந்தது.

நைனாவுக்குக் காது மந்தம். பிறவியில் வந்ததில்லை. ஃபைபர் போட்டின் பின்பக்கம், டீசல் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர். இஞ்சின் அவர் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஒரு காலத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய டேப் ரெக்கார்டரைக் கடலுக்கே எடுத்துப்போய், இஞ்சின் சத்தத்துக்கு மேல் பாடிக்கொண்டு வருவாராம். 'உங்க நைனா கரைக்கு வர்றது மொதல்ல காதுக்குத்தான் தெரியும், அப்பாலதான் கண்ணுக்கு' என்று அம்மா சொல்வாள். பிறகு வீட்டு டிவியின் சத்தம் வருடா வருடம் ஏறியது. அப்புறம் ஒருநாள் அவர் டிவி முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டார். பொன்னேரியில் ஒரு முகாமில் காது மெஷின் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்துவிட்டு, "காதுக்குள்ள யாரோ மீன் பொரிக்கிற மாதிரி கீதுடா" என்று கழற்றி டப்பாவில் வைத்தார். டப்பா இன்னும் புதுசாகவே இருக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது எங்கள் குப்பமே அதிரும். நைனா மட்டும் வாசல் நிலைக்கட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆங், போவுது" என்பார். வீட்டில் யாராவது ஜோக் சொன்னால், நாங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக அவரும் சிரிப்பார். அந்தத் தாமதம்தான் எனக்குத் தாங்கவில்லை.

அவருக்கு ஒரு பாட்டு உண்டு. முதலில் ஒரு புல்லாங்குழல் வரும், தனியாக, அவசரமே இல்லாமல். அது முடிந்ததும் ஒரு பெண் குரல். டேப் தேய்ந்து அறுந்து போகும்வரை கேட்ட பாட்டு. பொன்னேரியில் ஒரு கடையில் சொல்லி அதைத் தேடிப் பிடித்து சி.டி.யில் போட்டு வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பெட்டிகளில் நல்ல ஆம்ப்ளிஃபையரை மாட்டி, நைனாவை எதிரில் உட்கார வைத்து, அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை கேட்க வைத்துவிட வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். எவ்வளவு நல்ல திட்டம் பாருங்கள். கெட்ட எண்ணத்தோடு எதையும் இவ்வளவு மோசமாகச் செய்ய முடியாது.

ஆம்ப்ளிஃபையர் வாங்குவது என்று முடிவானதும் படிக்க ஆரம்பித்தேன். படிப்பது என்றால் போனில் வீடியோ பார்ப்பது. ஒரு வீடியோவில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "பேஸ் நல்லா உருண்டையா இருக்கு, ஆனா மிட்டுல ஒரு வறட்சி" என்றார். இன்னொருவர், "பட்ஜெட் கம்மியா இருந்தா மத்ததையெல்லாம் விட்டுடுங்க, பவர் ஆம்ப்ளதான் காசைப் போடணும்" என்றார். அது எனக்குப் பிடித்தது. கம்மி பட்ஜெட் என்கிற தகுதி என்னிடம் முழுமையாக இருந்தது. 'மத்ததையெல்லாம்' என்றால் எதையெல்லாம் என்று அவர் விளக்குவதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மீதி வீடியோவை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

கடைக்குத் துணையாக எத்திராஜ் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் தம்பி. நண்டு வியாபாரி. ஏரியில் கையால் பிடித்து வரும் நண்டையெல்லாம் வாங்கிக் கூடையில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்புகிறவர். நண்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் உள்ளே சதை இருக்கிறதா, தண்ணீர் மட்டும்தானா என்று சொல்லிவிடுவார். பேரத்தில் அவரை ஜெயித்தவர்கள் யாரும் அதை வெளியே சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஆளைப் பாட்டுப் பெட்டி வாங்க ஏன் கூட்டிப் போனாய் என்று கேட்காதீர்கள். எனக்கு டிப்ளமோ இருந்தது, மாமாவுக்கு அனுபவம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் அறிவாகிவிடும் என்று நினைத்தேன்.

பொன்னேரியில் ரயில் ஏறிச் சென்னையில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் நடைபாதைவரை குவிந்து கிடக்கும் அந்தத் தெருவுக்குப் போனோம். பழைய சாமான் விற்கும் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் பொறுமையான மனிதர். வரிசையாக ஆம்ப்ளிஃபையர்களை எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, "இதுல மிட்டு வறட்சியா இருக்குமே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாமா எதையும் பார்க்கவில்லை. முதல் பெட்டியைத் தூக்கினார், வைத்தார். இரண்டாவதைத் தூக்கினார், வைத்தார்.

"தண்ணி" என்றார்.

"இன்னா மாமா?"

"லேசா கீதுடா. உள்ள சதையே இல்ல."

அடுத்து ஒரு கறுப்புப் பெட்டி. தூக்கும்போது மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் மலர்ந்தது. நண்டை ஆட்டிப் பார்ப்பதுபோல் அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டப் போனார். கடைக்காரர் பாய்ந்து வந்து பிடித்தார்.

"ஐயா, ஐயா! ஆட்டாதீங்க! உள்ள டிரான்ஸ்பார்மர் இருக்கு!"

"அதான் பாக்கறேன், கீதான்னு" என்றார் மாமா. "எத்தினி ஹெச்.பி.?"

"இது வாட்ஸ்லதான் சொல்லுவோம்."

"எம்மாம் வாட்ஸ்?"

கடைக்காரர் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். (அது அதிகமா குறைவா என்று எனக்கும் தெரியாது.)

அந்தப் பெட்டியின் முகத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. திருகுகிற குமிழ் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது மிகவும் கம்பீரமாகத் தெரிந்தது. கண்ட குமிழும் வைத்த பெட்டிகள் எல்லாம் சின்னப் பசங்களுக்கு, இது விஷயம் தெரிந்தவர்களுக்கு என்று தோன்றியது. மாமாவுக்கோ அது வேறு விதமாகத் தெரிந்தது.

"இதுக்குத் திருவுறது ஒண்ணுமே இல்லியேபா?"

"இது அப்படித்தாங்க வரும். வெறும் பவர் ஆம்ப்."

"அப்படித்தான் வரும்னுதான் எங்க ஆளுங்களும் சொல்லுவானுங்க" என்றார் மாமா. "கொடுக்கு ஒடைஞ்ச நண்டைக் கொண்டாந்து, இது பொறந்ததே அப்படிதான்னுவான். கொடுக்கு இல்லாத நண்டுக்கு வெலை வேற. உள்ள சதை இருக்கலாம், நான் இல்லேங்கல. ஆனா வெலை வேற."

அதன்பிறகு நடந்ததைப் பேரம் என்று சொல்வதைவிடக் கடைக்காரரின் சரணாகதி என்று சொல்லலாம். அவர் பில் போடும் முன்பு, கடமை உணர்ச்சியோடு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, வீட்ல ப்ரீ ஆம்ப் இருக்குல்ல?"

புருவம் உயர்ந்தது. உதடு பிதுங்கியது. தலை ஆடியது.

"எது வச்சிருக்கீங்க?"

"நல்லதுதான்" என்றேன்.

போட்டுக் காட்டினார். என்ன குரல், என்ன இனிமை! மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. மேசைமேல் இன்னொரு சின்னப் பெட்டி இருந்தது. அதிலிருந்த குமிழைத் திருகித்தான் அவர் சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். அதை நான் பார்த்தேன். பார்த்தது கண்தான், மூளை அப்போது மாமாவின் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ஆம்ப்ளிஃபையரை மாமாவின் நண்டுக் கூடையில் வைத்துத் தூக்கி வந்தோம். ரயிலில் நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் மாமா பழக்க தோஷத்தில் கூடைமேல் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"மாமா! இன்னா பண்றீங்க!"

"அட, வெயில்ல சோந்து பூடப் போவுதுன்னு..." என்று பாதியில் நிறுத்தி, அவரே சாக்கை உருவிவிட்டார்.

இந்த இடத்தில் மடவை மீனைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு கூட்டத்துக்குப் பாடு வந்தால் அன்றைக்கு அந்த இடம் அவர்களுடையது. விட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதிலும் மடவைப் பாடு விசேஷம். மடவை பயந்த மீன். சத்தம் கேட்டால் எம்பிக் குதித்து வலையைத் தாண்டிவிடும். ஆகவே மடவையை வளைக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இருமல்காரர்களைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள். எல்லாம் கைச்சைகைதான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால் 'சத்தம் போடாதே'. முஷ்டியை மேலே தூக்கினால் 'வலையைத் தூக்கு'.

அந்த ஊமை வேலையில் நைனாதான் ராஜா. மற்ற வேலைகளுக்கு அவரைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. கத்தினால் கேட்காது என்பார்கள். மடவைப் பாட்டில் மட்டும் யாரும் கத்தப் போவதில்லையே. போட்டின் முன்பக்கத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துச் சைகை கொடுப்பது அவர்தான். அந்த நாட்களில் அவர் நடையே மாறிவிடும்.

அப்படி ஒரு பாடு நாளில்தான் எனக்கு வார விடுமுறை அமைந்தது. நைனா விடியும் முன்பே போய்விட்டார். நான் ஸ்பீக்கர்களிடமிருந்து துணியையும் கோழியையும் அகற்றினேன். எங்கள் வீட்டில் அவற்றை வைக்க ஒரே ஒரு சுவர்தான் உண்டு. முதுகைச் சுவருக்குக் கொடுத்து நிறுத்தினால் முகம் நேராக வாசலைப் பார்க்கும். வாசல் ஏரியைப் பார்க்கும். ஆம்ப்ளிஃபையரை அலமாரியின் கீழ்த்தட்டில் திணித்தேன். பிளக்கை இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த போர்டில் மாட்டி, ஸ்பீக்கரைப் பழையபடி நகர்த்தி வைத்தேன். என் போனில் ஒயர் சொருகும் ஓட்டை இல்லை. அதனால் வீட்டிலிருந்த பழைய டி.வி.டி. பிளேயரை நேராக ஆம்ப்ளிஃபையரில் மாட்டினேன்.

ஏரியில் மடவை வளைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியுமா? தெரியும். நான் அவ்வளவு மூடனில்லை. (இதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமுகிறார்கள்.) அவர்கள் தூரத்தில் இருப்பார்கள், நாம் மெதுவாக வைத்து ஒரு தடவை சரிபார்த்துவிடலாம், நைனா வந்ததும் தயாராக இருக்கும் என்பதுதான் கணக்கு. மெதுவாக வைப்பதற்காகவே டிவி ரிமோட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடமும் டி.வி.டி.யில் படம் பார்க்கும்போது அதில்தானே சத்தத்தைக் குறைத்தோம்! அன்றைக்கு டிவியையே நான் இணைக்கவில்லை என்பது அந்தச் சமயத்தில் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

பவர் ஆம்ப்ளிஃபையர் என்பது போட்டு இஞ்சின் மாதிரி. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திராட்டில் என்கிற வேகக் கைப்பிடி தனியாக வேண்டும். கடைக்காரர் கேட்ட ப்ரீ ஆம்ப் அதுதான். அது இல்லாமல் ஸ்டார்ட் பண்ணினால் இஞ்சினுக்குத் தெரிந்தது ஒரே வேகம். முழு வேகம்.

பட்டனை அழுத்தினேன்.

புல்லாங்குழல் வந்தது. வந்தது என்று சொல்வது மரியாதைக்காக. அது ஒரு பனைமரத்தில் செய்த புல்லாங்குழல், ஊதுகிறவன் நேற்றிலிருந்து மூச்சைப் பிடித்து வைத்திருந்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என் சட்டை பின்பக்கம் பறந்தது. அலமாரியிலிருந்து அலுமினியக் குண்டான் உருண்டு விழுந்தது. அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோழி ஜன்னல் வழியாகப் போனது. (பக்கத்துக் குப்பத்தில் முட்டையிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பதாகப் பின்னால் தகவல் வந்தது.)

நான் ரிமோட்டை அழுத்தினேன். குறையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். ரிமோட்டை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தினேன். உள்ளங்கையில் தட்டி அழுத்தினேன். ஆம்ப்ளிஃபையரின் ஸ்விட்ச் பின்பக்கம். பின்பக்கம் அலமாரிக்குள். மாமாவே கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கிய பெட்டியை நான் இழுத்தால் வருமா? பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அதன் முன்னால் ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் முன்னால் போனால் மூச்சு நிற்கிறது. டி.வி.டி. பிளேயரை நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து வயதுப் பிள்ளைகள்கூட என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

அம்மா ஓடி வந்தாள். வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, கேட்காதது நல்லது. டிப்ளமோ படிக்காத அவள் நேராக மெயின் போர்டுக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கினாள்.

அமைதி. அப்படி ஒரு அமைதியை எங்கள் குப்பம் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் ஏரியில் என்ன நடந்தது என்பதற்குக் கரையில் கூடையோடு நின்ற எத்திராஜ் மாமாதான் சாட்சி. மடவைக் கூட்டம் அன்றைக்கு ஆழத்தில் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மேட்டுத் தண்ணீருக்கே வந்துவிட்டதாம். நான் தூரத்தில் இருப்பதாக நினைத்த ஆட்கள், வாசலில் நின்று எட்டிப் பார்த்திருந்தால் மூக்கு முழி தெரியும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார்கள். நைனா போட்டின் முனையில் நின்று உள்ளங்கையை அமுக்கியபடி இருக்கிறார். வலையின் இரண்டு முனையும் சேர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஊர்த் தலைவர் கண்ணப்பன் பெரியப்பா ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மறு கையால் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் என் புல்லாங்குழல்.

"தண்ணி கீதே, அப்டியே வெள்ளியாப் பூடுச்சு" என்பார் மாமா. "மேல பாத்தா மீனு. சூரியனே தெரியல. குதிச்சது எல்லாம் வலைக்கு அந்தாண்ட. ஒரு பத்து இருவது போட்ல வுழுந்துது, அது வழி தெரியாததுங்க."

அதில் ஒன்று பெரியப்பாவின் மார்பில் மோதி அவரைத் தண்ணீரில் உட்கார வைத்துவிட்டது.

ஃபியூஸ் பிடுங்கிய சற்று நேரத்தில் வாசலில் கூட்டம். எல்லோரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். பெரியப்பாவின் தலையில் ஒரு கொத்துப் பாசி. கோபத்தில் அவருக்கு முதலில் வார்த்தை வரவில்லை. விடிந்ததிலிருந்து சைகையில் பேசியதால் கையைத்தான் ஆட்டினார். பிறகு வந்தது.

"யார்ரா அவன்!"

"பெரிப்பா, நான் மெதுவாத்தான்..."

"இது மெதுவாவா? நீ சத்தமா வெச்சா இலங்கைலேர்ந்து ஆளு வருவானாடா? ராக்கெட் உடுறான்னு நெனச்சேன்டா நானு! அவனாச்சும் முன்னாடி சொல்லிட்டு உடுறான்!"

"தெரியாம..."

"மீன் என்னை அடிக்குதுடா! எம்மா வருசமா நான் மீனை அடிச்சிகினு கீறேன், இன்னைக்கு மீனு என்னை அடிக்குது!"

பின்னாலிருந்து ஒருவன், "மீனுக்கும் பாட்டுப் புடிக்கல போல பெரிப்பா" என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பாடு போனால் எத்தனை வீட்டு அடுப்பு அதை எதிர்பார்த்திருக்கும் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

துணைக்கு மாமாவைப் பார்த்தேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"நான் கடையிலயே சொன்னேன், கொடுக்கு இல்லாததை வாங்காதடானு."

நைனா கடைசியாக வந்தார். கூட்டம் வழிவிட்டது. எனக்குப் பெரியப்பாவின் திட்டெல்லாம் அப்போது சர்க்கரையாகத் தெரிந்தது. அவருக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. அவரை ராஜாவாக்குகிற ஒரே ஒரு நாள். அதை அவர் பிள்ளையே, அவர் பாட்டாலேயே கலைத்திருக்கிறான். அவருக்குச் சத்தம் கேட்டிருக்காது, மீன் பறந்ததை மட்டும்தான் பார்த்திருப்பார், ஏன் என்றுகூடத் தெரிந்திருக்காது என்று நினைத்து, கையிலிருந்த ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தேக்கு நிறப் பெட்டிகளைப் பார்த்தார். தலைத் துண்டை அவிழ்த்துப் பிழிந்தார்.

"ஏன்டா நிறுத்தின?"

பிழிந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியைக் காட்டினார்.

"கொழலு முடியப் போற நேரம். அப்பாலதானடா அந்தம்மா பாட வரும். அதுக்குள்ள ஏன் நிறுத்தின?"

அம்மாதான் முதலில் அசைந்தாள். அவர் முன்னால் போய், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று மெதுவாகக் கேட்டாள்: "உனுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? செவுடா நானு?" என்றார் நைனா.

அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இந்தத் தடவை அவர் முதலில் சிரித்தார். நாங்கள்தான் தாமதம்.

பெரியப்பா முகத்தை ஏரிப் பக்கம் திருப்பித் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். (ஏரித் தண்ணிதான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.) பிறகு அம்மாவிடம், இன்னும் கோபம் மாறாத குரலில் சொன்னார்:

"போய் ஃபீஸைப் போடு அஞ்சலை. மீனு இன்னேரம் ஸ்ரீஹரிகோட்டா தாண்டியிருக்கும். இனிமே யாரை எழுப்பப் போறோம்?"

மறுபடி போட்டேன். முதலிலிருந்து. நனைந்த ஆட்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். ஒருவரும் போகவில்லை. நைனா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ராக்கெட்டுக்கு நிலைக்கட்டையில் வைப்பதுபோல உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்தார். புல்லாங்குழல் முடிந்தது. அந்தம்மா பாட வந்தது. நைனாவும் கூடவே பாடினார். அவர் பாடியது எங்களுக்குக் கேட்கவில்லை. வாய் அசைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பஞ்சாயத்து நடக்காமல் இல்லை. பாட்டு வேறு, பாடு வேறு என்று பெரியப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். போட்டில் விழுந்த மீன்களைப் பங்கு போட்டபோது எங்கள் வீட்டுக்குப் பங்கு இல்லை. அடுத்த மடவைப் பாட்டில் நான் லீவு போட்டு வலை இழுக்க வேண்டும். இழுத்தேன். கை கிழிந்தது. முள்ளைப் பார்த்து எழுதும் கையல்லவா. போட்டின் முனையில் நின்ற நைனா, என்னைப் பார்த்துத் தனியாக ஒரு தடவை உள்ளங்கையை அமுக்கிக் காட்டினார். அன்றைக்கு மீன் நன்றாக விழுந்தது என்பதால் எனக்குப் பாதி மன்னிப்புக் கிடைத்தது.

மீதிப் பாதிக்கு ஒரு நிரந்தர ஏற்பாடு. பாடு வரும் நாளுக்கு முந்தின மாலையே ஆம்ப்ளிஃபையரின் கரண்டு ஒயர் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும். இன்றுவரை அப்படித்தான். ஒயரைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது நைனா. மீன் விழுந்த நாளில் ஒயர் திரும்பி வரும்போது அதோடு ஒரு மடவையும் சேர்த்துக் கட்டியிருக்கும். வெறும் ஒயராக வந்தால் அன்றைக்குப் பாட்டுக் கேட்கக் கூடாது என்று வீட்டில் நாங்களே புரிந்துகொள்வோம். ஏரியில் யார் வெறும் வலையோடு திரும்பினாலும், "இன்னா, சேகர் பாட்டுப் போட்டானா?" என்பதுதான் கரையில் முதல் கேள்வி. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காட்டூரில், பெண்ணின் அப்பா காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "மாப்ள, நீங்கதானே அந்த..." நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் விஷயம் புரிந்து ஆட்டிய முதல் தலையாட்டல் அது.

ப்ரீ ஆம்ப் அப்புறம் வாங்கினேன். அதே கடையில். கடைக்காரர், "ஏற்கெனவே நல்லதா ஒண்ணு வச்சிருந்தீங்களே?" என்றார். அதில் ஒரு பெரிய குமிழ் இருக்கிறது. மாமா தடவிப் பார்த்து, "இப்பதான்டா இது முழு நண்டு" என்றார்.

இப்போது சாயங்காலம் ஆனால் நைனா ஸ்டூலில் வந்து உட்காருவார். நான் குமிழில் கை வைப்பேன். அவர் போட்டின் முனையில் நிற்பதுபோல நிமிர்ந்து, முஷ்டியை மேலே தூக்கிக் காட்டுவார். வாசலுக்கு வெளியே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வீட்டு வாசலில் நிற்கிற அத்தனை பேரும் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமுக்குவார்கள்.

நான் நைனாவை மட்டும் பார்த்துத் திருகுவேன்.